மெய்நிகர் ஃபோட்டான்: கணக்குக் கோடா, தட்டை நகர்த்தும் பொருளா?

பனச்சமூட்டிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருவனந்தபுரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “சார், மெய்நிகர் ஃபோட்டான் என்பது வெற்றிடத்திடம் கொஞ்சம் ஆற்றலைக் கைமாற்றாக வாங்கி, யாரும் கவனிக்கும் முன்னே திருப்பிக் கொடுத்துவிடும் துகள் என்று ஒரு ஆசிரியர் சொன்னார். அது வெறும் கணக்கு வசதி, அப்படி ஒரு பொருளே கிடையாது என்று இன்னொருவர் சொன்னார். இல்லாத பொருள் எப்படி உலோகத் தட்டுகளை நெருக்கும்? இருக்கிறது என்றால், இருட்டறையில் டிடெக்டர் ஏன் சும்மா கிடக்கிறது? அப்புறம், வெற்றிட ஆற்றலில் கரண்ட் எடுக்கலாம் என்று எங்க அண்ணன் ஒரு வீடியோ காட்டினான். அது நடக்குமா?”

மக்கா, முதலில் அந்தக் கைமாற்றுக் கதையைக் கழித்துக் கட்டிவிடுவோம். கேட்க நன்றாக இருக்கும், உள்ளே போனால் நிற்காது. ஏன் என்று சொல்கிறேன். ஒரே கணக்கை இரண்டு விதமாகப் போடலாம். சின்னச் சின்னத் திருத்தங்களாகக் கூட்டிக்கொண்டு போகும் பழைய பெர்ட்டர்பேஷன் முறையில் போட்டால், இடையில் வரும் நிலைகளின் ஆற்றல் தொடக்க ஆற்றலோடு பொருந்தாது. அந்த வித்தியாசத்தைத்தான் “கடன்” என்கிறார்கள். துகள்களைக் கோடுகளாக வரைந்து கணக்கிடும் ஃபெயின்மன் முறையில் போட்டால், கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஆற்றலும் உந்தமும் அச்சாகப் பொருந்தும். கடன் எங்கேயும் கிடையாது. பதிலாக, நடுவில் வரும் ஃபோட்டானுக்கு ஆற்றலும் உந்தமும் ஒளிக்கு இருக்க வேண்டிய விகிதத்தில் இருக்காது. இரண்டு முறையும் கடைசியில் ஒரே விடையைத்தான் தரும். நாம் தேர்ந்தெடுக்கும் நோட்டுப் புத்தகத்தைப் பொறுத்து ஒரு கடன் தோன்றி மறையுமானால், அது இயற்கையில் நடந்த சம்பவமாக இருக்க முடியாது.

அப்படியென்றால் இரண்டாவது ஆசிரியர் சொன்னதுதான் சரியா? பாதி சரி. அவர் விட்ட பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

நாம் கணக்கைத் தொடங்கும்போது, புலமே இல்லாத ஒரு அணுவையும், அணுவே இல்லாத ஒரு மின்காந்தப் புலத்தையும் தனித்தனியாக எழுதிக்கொள்கிறோம். அப்படி ஒரு அணு உலகத்தில் எங்கேயும் கிடையாது. மின்னூட்டம் இருந்தால் புலத்தோடு பிணைப்பு உண்டு. அதை அணைத்து வைக்க ஸ்விட்ச் இல்லை. ஆகவே உண்மையான அடிநிலை, அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலை என்பது அணுவும் புலமும் கலந்த ஒன்று. அந்தக் கலந்த நிலையை நாம் கற்பித்த அந்தத் தனித்தனி நிலைகளைக் கொண்டு எழுதினால், “அணு மேல்மட்டத்தில், கூடவே ஒரு ஃபோட்டான்” என்பது போன்ற உறுப்புகள் வரும். அந்த உறுப்புகளுக்கு வைத்த பெயர்தான் மெய்நிகர் ஃபோட்டான். உறுப்புகளாகப் பிரித்தது நம் கைவேலை. ஆனால் கற்பித்த அணுவுக்கும் உண்மை அணுவுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் நம் கைவேலை அல்ல. அது மட்டம் நகர்வதாக, விசையாக, ஆயுள் கூடிக் குறைவதாக மீட்டரில் தெரியும். “இருக்கிறதா இல்லையா” என்று கேட்டால் தத்துவச் சண்டைதான் மிஞ்சும். “இந்த உறுப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எந்த எண் மாறுகிறது” என்று கேட்டுப் பழகு. நான் வகுப்பில் இதைத்தான் சொல்லி வந்தேன்.

எண்ணுக்குப் போகும் முன், உன் வீட்டு முற்றத்துக்கே போவோம். பல்லி சுவரில் ஒட்டுவதை இந்த இடத்தில் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அருமனைக்கும் வெள்ளறடைக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ரப்பர் பாலை விட்டுவிட்டுப் பல்லி எதற்கு?

விடியக்காலையில் வெட்டிய பாலைச் சிரட்டையிலிருந்து வாளியில் சேர்த்து, அரித்து, தண்ணீர் கலந்து டிஷ்ஷில் ஊற்றுகிறார்கள். அதுவரை அது பால் மாதிரியே அசைகிறது. நீர்த்த ஃபார்மிக் ஆசிட்டைக் கலக்கி, மேலே வரும் நுரையை வழித்துவிட்டு வைத்தால், கொஞ்ச நேரத்தில் விரலால் அழுத்தினால் திரும்பி எழும்பும் வெள்ளைக் கட்டியாகிவிடுகிறது. அப்புறம் ரோலரில் போட்டு ஷீட் அடிப்பது, புகைப்புரை எல்லாம் உனக்குத் தெரியும். உள்ளே என்ன நடந்தது? பாலில் 30 முதல் 40 சதவீதம் ரப்பர். அது பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையின் மேலும் புரதமும் பாஸ்போலிப்பிடும் ஒரு படலமாக இருக்கிறது, அதில் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றை ஒன்று தள்ளுவதால் உருண்டைகள் நெருங்குவதில்லை. ஆசிட் விட்டதும் அந்த மின்னூட்டம் சமனாகிவிடுகிறது, தள்ளுமுள்ளு நிற்கிறது. பால் கெடாமல் இருக்க அம்மோனியா கலப்பது இதற்கு நேர் எதிரான வேலை.

தள்ளுவது நின்றால் சும்மா இருக்க வேண்டியதுதானே, ஏன் ஒட்டுகிறது? ஏனென்றால் இழுப்பு முதலிலிருந்தே இருந்தது. ஆசிட் இழுப்பைக் கொண்டுவரவில்லை, மறைத்துக்கொண்டிருந்த தள்ளலை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். மின்னூட்டமே இல்லாத இரண்டு பொருள்களுக்கு நடுவில் இருக்கும் அந்த இழுப்புதான் வான் டெர் வால்ஸ் விசை. 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் இதற்குக் குவாண்டம் விளக்கம் கொடுத்தார். ஒரு அணுவில் எலக்ட்ரான் மேகம் கண நேரம் ஒரு பக்கம் சாயும். அது பக்கத்து அணுவைச் சாய்க்கும். இரண்டும் ஒத்துச் சாய்ந்தால் மொத்த ஆற்றல் குறையும். குவாண்டம் ஒளியியலின் மொழியில் இதே கணக்கை “இரண்டு அணுக்கள் இரண்டு மெய்நிகர் ஃபோட்டான்களைப் பரிமாறிக்கொள்கின்றன” என்று எழுதுவோம். தொட்டபின் ரப்பர்ச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்வது, புரதப் படலம் உடைவது என்று வேறு வேலைகளும் உண்டு. அதையெல்லாம் ஃபோட்டான் பேரில் எழுத மாட்டேன். நெருங்கி வரச் செய்வதில் இதன் பங்கு பெரிது.

ரப்பர் பால் மாதிரி நுண்துகள்கள் மிதக்கும் திரவத்தைக் கூழ்மம் என்போம். அதைச் சும்மா இழுத்து வரவில்லை. நீ கேட்டாயே, உலோகத் தட்டுகளை நெருக்கும் அந்தக் காசிமிர் விளைவு பிறந்ததே கூழ்மத்தில்தான். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் குவார்ட்ஸ் தூள் கலந்த கரைசல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தூரம் கூடும்போது இழுப்பு லண்டன் சொன்னதைவிட வேகமாகக் குறைகிறது போலிருக்கிறதே என்று ஓவர்பேக் சந்தேகப்பட்டார். ஹென்ட்ரிக் காசிமிரும் டிர்க் போல்டரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். விஷயம் எளிது: ஒரு அணு சாய்ந்த செய்தி மற்றதற்குப் போய்ச் சேர ஒளிக்கும் நேரம் வேண்டும். அணுக்கள் தள்ளி இருந்தால், செய்தி போய்த் திரும்பும் முன் முதல் அணு வேறு பக்கம் சாய்ந்திருக்கும். ஒத்துச் சாய்வது தளரும். கிட்டத்தில் இடைவெளியின் ஆறாம் அடுக்கில் குறையும் ஆற்றல், தள்ளிப்போனால் ஏழாம் அடுக்கில் குறையும். இவ்வளவு சிக்கலான கணக்கு இவ்வளவு சின்ன விடையில் முடிந்ததைக் காசிமிர் நீல்ஸ் போரிடம் சொன்னபோது, இதற்கும் வெற்றிடத்தின் அடிநிலை ஆற்றலுக்கும் (ஃபோட்டானே இல்லாதபோதும் புலத்தில் மிஞ்சும் ஆற்றல்) தொடர்பு இருக்கும் என்று போர் முணுமுணுத்தாராம். அந்த வழியில் போய்த்தான் 1948-இல் இரண்டு உலோகத் தட்டுகளுக்கான சூத்திரம் வந்தது.

அந்தச் சூத்திரத்தின் எண்களைப் பார். குறையில்லாத கண்ணாடி போன்ற இரண்டு தட்டுகளை ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் வைத்தால், சதுர மீட்டருக்கு 0.0013 நியூட்டன் இழுப்பு. ஒரு சதுர சென்டிமீட்டர் தட்டுக்கு இது 13 மைக்ரோகிராம் எடைக்குச் சமம். இடைவெளியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் விசை பத்தாயிரம் மடங்கு ஏறும், ஏனென்றால் இது நான்காம் அடுக்கு. 10 நானோமீட்டருக்குப் போனால் சூத்திரம் தரும் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தையே தாண்டும். உண்மையான தங்கமோ அலுமினியமோ அவ்வளவு சின்ன இடைவெளியில் நல்ல கண்ணாடியாக நடந்துகொள்வதில்லை, அதனால் அளக்கும் விசை இதைவிடக் குறைவு. அதைச் சரிசெய்யத்தான் 1956-இல் லிஃப்ஷிட்ஸ் தந்த கோட்பாடு இருக்கிறது.

அளப்பது பெரும்பாடு. தட்டுகள் இணையாக இருக்க வேண்டும், தூசி இருக்கக் கூடாது, ஒட்டிய மின்னூட்டம் விசையை முழுங்கிவிடக் கூடாது. 1958-இல் ஸ்பார்னே அளந்தார், ஆனால் பிழை ஏறக்குறைய அளந்த விசையின் அளவுக்கே இருந்தது. 1997-இல் ஸ்டீவ் லாமரோ முறுக்கு ஊசல் வைத்து 0.6 முதல் 6 மைக்ரோமீட்டர் வரை அளந்து, 5 சதவீதத்துக்குள் பொருந்துகிறது என்றார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைந்த கண்ணாடி, இரண்டிலும் தங்கப் பூச்சு. ஒன்று வளைந்திருந்தால் இணையாக்கும் தலைவலி இல்லை. அடுத்த ஆண்டே உமர் மொஹிதீனும் அனுஸ்ரீ ராயும் அணுவிசை நுண்ணோக்கியின் முனையில் ஒரு சின்ன உருண்டையை ஒட்டி, ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2009-இல் தங்க உருண்டைக்கும் சிலிக்காத் தட்டுக்கும் நடுவில் புரோமோபென்சீன் திரவத்தை விட்டு, இழுப்புக்குப் பதில் தள்ளுதலையே அளந்தார்கள். நடுவில் இருக்கும் பொருளின் மின்குணம் சரியான வரிசையில் அமைந்தால் குறி மாறும் என்று லிஃப்ஷிட்ஸ் கோட்பாடு முன்பே சொல்லியிருந்தது.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். காசிமிர் சூத்திரத்தில் பிளாங்க் மாறிலி இருக்கிறது, ஒளியின் வேகம் இருக்கிறது, இடைவெளி இருக்கிறது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் காணோம். அதைப் பார்த்துவிட்டு, “ஆகவே வெற்றிடம் தானாகவே தட்டைத் தள்ளுகிறது, தட்டு வெறும் சுவர்” என்கிறார்கள். 2005-இல் ராபர்ட் ஜாஃபி இதற்கு நல்ல மறுப்பு எழுதினார். குறையில்லாத கண்ணாடி என்று எடுத்துக்கொண்ட அந்த நொடியிலேயே மின்னூட்டத்தை முடிவிலி அளவுக்கு உள்ளே நுழைத்துவிட்டோம், அதனால்தான் அது கண்ணில் படவில்லை. மின்னூட்டத்தின் வலிமையை மெல்லச் சுழியாக்கிக்கொண்டே போனால் உலோகம் ஒளிக்குத் தெரியாமல் போகும், விசையும் சுழியாகும். அடிநிலை ஆற்றலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே, தட்டில் இருக்கும் மின்னூட்டங்கள் ஒன்றை ஒன்று பாதிப்பதை மட்டும் வைத்தும் இதே விசையை எடுக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது பார்வைதான் பிடிக்கும். ரப்பர் உருண்டைக்கும் உலோகத் தட்டுக்கும் தனித்தனிக் கதை தேவைப்படாமல் போகிறதே, அதற்காக.

மட்டம் நகர்வதாக மீட்டரில் தெரியும் என்றேனே, அதற்கு உதாரணமான லாம்ப் நகர்வுக்கு வருவோம். 1928-இன் டிராக் சமன்பாட்டின்படி ஹைட்ரஜனில் இரண்டாம் மட்டத்தின் இரண்டு நிலைகள், அதாவது 2எஸ் அரை, 2பி அரை இரண்டும், ஒரே ஆற்றலில் இருக்க வேண்டும். 1947-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லிஸ் லாம்பும் ராபர்ட் ரெதர்ஃபோர்டும் போர்க்கால ரேடார் வேலையில் கைவந்த மைக்ரோஅலை நுட்பத்தால் அதைச் சோதித்தார்கள். செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2எஸ் நிலையிலுள்ள அணு, தொந்தரவில்லாமல் விட்டால் நொடியில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு உயிர்வாழும். 2பி நிலையோ ஒன்றரை நானோ நொடியில் இறங்கிவிடும். 2எஸ் அணுக்களின் கற்றையை டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டால், அணு தன்னிடம் இருக்கும் ஆற்றலால் தகட்டிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பும், மின்னோட்டமாக அளக்கலாம். வழியில் சரியான அதிர்வெண்ணில் மைக்ரோஅலை கொடுத்தால் அணு 2பி-க்குத் தாவி, உடனே இறங்கி, வெறுங்கையோடு தகட்டுக்கு வந்து சேரும். மின்னோட்டம் விழும். விழுந்த இடத்திலிருந்து கணக்குப் பார்த்தால், இரண்டு நிலைகளுக்கும் நடுவில் சுமார் 1000 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. இப்போது தெரிந்த அளவு 1057.8 மெகாஹெர்ட்ஸ். முதல் மட்டத்துக்கும் இரண்டாம் மட்டத்துக்கும் உள்ள இடைவெளியோடு ஒப்பிட்டால் இது கோடியில் நாலு பங்கு.

அந்த ஜூன் மாதம் ஷெல்டர் ஐலண்ட் மாநாட்டில் இதைக் கேட்டுவிட்டு, நியூயார்க்கிலிருந்து ஷெனெக்டடிக்குப் போகும் ரயிலிலேயே ஹான்ஸ் பெத்தே கணக்குப் போட்டு 1040 மெகாஹெர்ட்ஸ் என்று கண்டார். எலக்ட்ரான் தான் உமிழும் மெய்நிகர் ஃபோட்டானைத் தானே மீண்டும் விழுங்குவதால் ஆற்றல் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் கணக்கு. அடுத்த ஆண்டு வெல்டன் இதற்கு ஒரு படம் கொடுத்தார்: வெற்றிடப் புலம் எலக்ட்ரானைச் சற்றே உலுக்குகிறது, அது ஒரு புள்ளியாக இல்லாமல் கொஞ்சம் பரவியதுபோல அணுக்கருவின் இழுப்பை உணர்கிறது. எஸ் நிலை எலக்ட்ரானுக்குக் கருவின் இடத்திலேயே இருக்கும் வாய்ப்பு உண்டு, பி நிலைக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே எஸ் மட்டம் மேலே ஏறுகிறது. இதே நகர்வில் மெய்நிகர் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளின் பங்கு மைனஸ் 27 மெகாஹெர்ட்ஸ். அதை விட்டுவிட்டால் விடை அளவோடு பொருந்தாது. உறுப்பை எடுத்துவிட்டால் எந்த எண் மாறுகிறது என்று கேட்கச் சொன்னேனே, இதுதான். எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் இன்னும் அதிசயம்: 1948-இல் ஷ்விங்கர் ஒரே ஒரு மெய்நிகர் ஃபோட்டானை வைத்து, டிராக் சமன்பாடு தரும் 1-ஐவிட 0.00116 கூடுதல் என்றார். 2023-இல் அளந்த மதிப்பு 1.00115965218059. அதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை, அது தனிப் பாடம்.

இனி உன் டிடெக்டர் கேள்வி. கல்லூரி லேபில் ஸ்பெக்ட்ராமீட்டர் பரிசோதனைக்குச் சோடியம் விளக்கைப் போட்டது ஞாபகம் இருக்கும். போட்ட உடனே இளஞ்சிவப்பாக எரியும், அது தொடங்கிவைக்கும் நியான் வாயு. சோடியம் சூடேறி ஆவியானபின் மஞ்சளாகும். கிரேட்டிங் வழியே பார்த்தால் 589.0, 589.6 நானோமீட்டரில் இரண்டு கோடுகள். அந்த மஞ்சள் தருகிற மேல்மட்டத்தின் ஆயுள் 16 நானோ நொடி. புலத்தைத் தொடாத வெறும் சோடியம் அணு என்று எழுதிப் பார்த்தால், மேல்மட்டத்தில் ஏறிய எலக்ட்ரான் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. அது அங்கேயே இருக்கும். இறங்குகிறது என்றால் புலத்தோடு பிணைப்பு இருப்பதால்தான். 1917-இல் ஐன்ஸ்டைன் தன்னிச்சை உமிழ்வுக்கு ஒரு எழுத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார். அந்த எண்ணை அடிப்படையிலிருந்து 1927-இல் டிராக் எடுத்தார்.

உமிழ்வை வெற்றிட அலைவு தூண்டுகிறது என்று சொல்வது வழக்கம். அதுவும் பாதிதான். எலக்ட்ரான் தன் சொந்தப் புலத்தாலும் பாதிக்கப்படுகிறது, அதைக் கதிர்வீச்சு எதிர்வினை என்போம். 1982-இல் தலிபார், தூப்போன்-ரோக், கோஹன்-தனூஜி மூவரும் இரண்டின் பங்கையும் பிரித்துக் காட்டினார்கள். மேல்மட்டத்திலுள்ள அணுவுக்கு இரண்டும் சரிபாதியாகக் கூடி உமிழ்வைத் தருகின்றன. அடிநிலையிலுள்ள அணுவுக்கு இரண்டும் எதிரெதிராகி முழுதும் அடிபட்டுப் போகின்றன. உன் டிடெக்டர் என்பது என்ன? அடிநிலையில் காத்திருக்கும் அணுக்களின் கூட்டம். இருட்டறையில் அது அடிக்காததற்குக் காரணம் இதுதான். வெற்றிடம் உலுக்குகிறது, ஆனால் ஏற்றிவிடும் அளவுக்கு நிகர ஆற்றல் வருவதில்லை.

டிடெக்டர் அடிக்கவில்லை என்பதற்காக இருட்டு வெறுமை என்று நினைத்துவிடாதே. ஈர்ப்பலை பிடிக்கும் லைகோவில் ஒரு வாசல் வேண்டுமென்றே இருட்டாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வாசல் வழியே உள்ளே நுழையும் வெற்றிட அலைவே அளவீட்டில் இரைச்சலாக வந்து நிற்கும். 2019 முதல் அந்த இடத்தில் அமுக்கப்பட்ட வெற்றிடத்தை, அதாவது அளவீட்டைப் பாதிக்கும் பக்கத்தில் அலைவு குறைக்கப்பட்ட வெற்றிடத்தைச் செலுத்தி இரைச்சலைக் குறைக்கிறார்கள்.

வெற்றிடத்தை நாம் மாற்றி அமைக்கவும் முடியும். அணு உமிழ நினைக்கும் அலைநீளத்தில் பாதிகூட நுழையாத இடுக்கில் அணுவை வைத்தால், அந்த ஒளிக்கு அங்கே இடமே இல்லை. எம்.ஐ.டி.யில் டேனியல் கிளெப்னர் குழு 1985-இல் சீசியம் அணுக்களை மிகப் பெரிய சுற்றுப்பாதைக்கு ஏற்றி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடவிட்டு, ஆயுள் 20 மடங்குக்கும் மேல் நீள்வதைக் காட்டினார்கள். மாறாக, ஒத்ததிரும் கேவிட்டிக்குள், அதாவது அலை உள்ளேயே எதிரொளித்து நிற்கும் கூட்டுக்குள் வைத்தால் உமிழ்வு வேகமாகும் என்று 1946-இலேயே பர்செல் சொல்லியிருந்தார். பிணைப்பு இன்னும் வலுவானால், ஒரே கோடாக இருக்க வேண்டிய நிறமாலை இரண்டாகப் பிளக்கும், கேவிட்டிக்குள் ஒரு ஃபோட்டான்கூட இல்லாமலே. அந்தப் பிளவை 1984-இல் கணித்தவர்களில் ஒருவர் அப்போது ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.எஸ். அகர்வால். 1992-இல் கிம்பிள் குழு ஒளி அலைநீளத்தில் அதைப் பார்த்தது. நீ செமினாருக்குத் தலைப்புத் தேடினால் இதை எடு.

என்னைக் கேட்டால், மெய்நிகர் ஃபோட்டானைப் பயன்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுற்றுகளைவிடத் தெளிவான இடம் இல்லை. 2007 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. குழு, ஒரு க்யூபிட்டின் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) நிலையை நுண்ணலைக் கேவிட்டிக்குள் உண்மையான ஃபோட்டானாக இறக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மறு க்யூபிட்டுக்கு ஏற்றியது. யேல் குழு செய்தது வேறு. இரண்டு க்யூபிட்டுகளையும் ஒரே அதிர்வெண்ணில் வைத்து, ஆனால் கேவிட்டியின் அதிர்வெண்ணிலிருந்து நன்றாக விலக்கி வைத்தார்கள். ஃபோட்டானாக இறங்க ஆற்றல் பொருந்தாது. இருந்தும் நிலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியது, கேவிட்டி கிட்டத்தட்டக் காலியாகவே இருந்தபடி.

கணக்கு எளிது, நீயே போடலாம். ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் கேவிட்டிக்கும் உள்ள பிணைப்பு 100 மெகாஹெர்ட்ஸ், விலகல் 1000 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள். இரண்டு பிணைப்பையும் பெருக்கி விலகலால் வகுத்தால் 10 மெகாஹெர்ட்ஸ். அதுதான் இரண்டு க்யூபிட்டுகளுக்கும் இடையில் மெய்நிகர் ஃபோட்டான் வழியே வரும் பிணைப்பு. ஒரு தரம் நிலை மாறச் சில பத்து நானோ நொடி போதும். எந்த நேரத்திலும் கேவிட்டிக்குள் ஃபோட்டான் கலந்திருக்கும் பங்கோ பிணைப்புக்கும் விலகலுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம், நூறில் ஒன்று என்ற அளவில்தான். இதனால் ஒரு பெரிய லாபம்: கேவிட்டியின் சுவர் ஃபோட்டானை விழுங்கக்கூடியதாக இருந்தாலும், விழுங்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பொறியாளர்கள் மெய்நிகர் வழியைத் தேர்ந்தெடுப்பது அழகுக்காக அல்ல, இழப்பு குறைவதால்.

கடைசியாக அந்த வீடியோ. மெய்நிகர் ஃபோட்டானை உண்மை ஃபோட்டானாக்க முடியுமா என்றால், முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். கண்ணாடியை ஒளியின் வேகத்துக்கு ஓரளவு ஈடாக ஆட்டினால் வெற்றிடத்திலிருந்து ஃபோட்டான்கள் வெளிவரும் என்று 1970-இல் ஜெரால்ட் மூர் கணித்தார். நிஜக் கண்ணாடியை அவ்வளவு வேகத்தில் ஆட்டினால் உடைந்து சிதறும். 2011-இல் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்ணாடியைத் தொடவே இல்லை. ஒரு மின்கடத்தும் பாதையின் முனையில் மீக்கடத்தி வளையத்தை வைத்து, காந்தப்புலத்தால் அதன் குணத்தை நொடிக்கு ஆயிரம் கோடி தரத்துக்கு மேல் மாற்றினார்கள். அலைக்கு அது கண்ணாடி முன்னும் பின்னும் ஓடுவதுபோலத்தான். ஃபோட்டான்கள் ஜோடி ஜோடியாக வந்தன. ஒவ்வொரு ஜோடியின் அதிர்வெண்களையும் கூட்டினால், ஆட்டிய அதிர்வெண் வரும். அதாவது ஃபோட்டான்களின் ஆற்றல் முழுவதும் ஆட்டிய கருவியின் கணக்கிலிருந்து கழிந்தது. வெற்றிடம் ஒரு பைசா தரவில்லை.

ஆட்டாமல் காசிமிர் தட்டுகளை மட்டும் நெருங்கவிட்டு ஆற்றல் எடுக்கலாமே என்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் தட்டுகள், குறையில்லாத கண்ணாடி என்றே வைத்துக்கொள்வோம். வெகுதூரத்திலிருந்து 100 நானோமீட்டர் வரை நெருங்கினால் கிடைப்பது சுமார் 0.00000000004 ஜூல். உங்கள் திண்ணையில் எரியும் 9 வாட் எல்.ஈ.டி. பல்பை அது ஐந்து பிக்கோ நொடி எரிய வைக்கும். மறுபடி எடுக்க வேண்டுமானால் தட்டுகளைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும், அதற்கு அதே 0.00000000004 ஜூலை நீ கொடுக்க வேண்டும். உன் அண்ணன் அந்த வீடியோவுக்குக் கீழே “கிட் வாங்க” என்று இருக்கும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லைதானே?